சொல்லுக்கும் சகவாசம் உண்டு

கேள்வி: நான் தமிழ்வழியில் படித்தவள். வயது 34. ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் தொடர்புப் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுவதுதான் வேலை. ஐந்து வருடமாக ஒரு நோட்டில் ஆங்கிலச் சொற்களை எழுதி, எதிரே தமிழ்ப் பொருளையும் எழுதி மனப்பாடம் செய்கிறேன். 1,400 சொற்களைத் தாண்டிவிட்டது. ஆனால் அவற்றை எடுத்து எழுதும்போது எங்கோ இடிக்கிறது. போன மாதம் ஒரு வாடிக்கையாளரைப் பாராட்டுவதாக நினைத்து, 'தரத்துக்கு நீங்கள் நட்டோரியஸ்' என்று எழுதிவிட்டேன். என் நோட்டில் அந்தச் சொல்லுக்கு 'பெயர்பெற்ற, பிரசித்தமான' என்றுதான் இருக்கிறது. மேலாளர் கூப்பிட்டுத் திருத்தினார். அன்று இரவு தூக்கம் வரவில்லை. நிஜமான வாக்கியங்களைக் காட்டிச் சொல்லைப் புரியவைக்கும் இணைய அகராதிகளைப் பார்க்கச் சொன்னார் உடன் வேலை செய்பவர். பார்த்தேன். ஒரு சொல்லுக்கு முப்பது வாக்கியம் வருகிறது, பாதி புரியவில்லை. 'தானாகத் திரட்டப்பட்டவை' என்று வேறு சில இடங்களில் போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது? என் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா? ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கும் இதைப் பழக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். ஐந்து வருடம் உட்கார்ந்து 1,400 சொற்களை மனத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். அது சாதாரண உழைப்பு இல்லை. ஒரு சொல்லைப் படிக்கும்போது 'இது தெரிந்த முகம்' என்று தோன்றுகிறதே, அந்தப் பலன் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. படிப்பதற்கு அது பெரும்பாலும் போதும். எழுதுவதற்குத்தான் போதவில்லை. எழுத வேண்டுமென்றால் அந்தச் சொல் யாரோடெல்லாம் பழகும், யாரோடு ஒட்டாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சொல், பொருள் என்று இரண்டே பத்தி போட்ட நோட்டில் அதற்கு இடமில்லை. நம்மில் பலரும் அப்படித்தான் பழகியிருக்கிறோம்.

அந்த மின்னஞ்சலையே எடுத்துக்கொள்வோம். நட்டோரியஸ் என்றால் 'பெயர்பெற்ற' என்பது முழுத் தவறு இல்லை. அப்படி அழைக்கப்படுகிறவர் நாலு பேருக்குத் தெரிந்தவர்தான். எதற்காகத் தெரிந்தவர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கெட்ட காரியத்துக்காக, இல்லாவிட்டால் தொல்லைக்காக. தமிழில் 'பேர்போன' என்கிறோம். 'வம்புக்குப் பேர்போனவர்' என்றும் சொல்லலாம், 'நாணயத்துக்குப் பேர்போனவர்' என்றும் சொல்லலாம்; அது இரண்டு பக்கமும் போகிற சொல். நட்டோரியஸ் ஒரு பக்கம்தான் போகும். தமிழ்ச் சொல்லுக்கு இருக்கிற தாராளத்தை ஆங்கிலச் சொல்லுக்கும் கொடுத்துவிட்டீர்கள், நடந்தது இவ்வளவுதான். ஒற்றை வரிப் பொருளை நம்பி எழுதுகிற யாருக்கும் இது நடக்கும். அதற்காக இன்னொரு இரவுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மறுபக்கத்தில் நின்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். தமிழ் கற்றுக்கொள்ளும் ஒருவர் 'அனுசரி' என்ற சொல்லை அகராதியில் தேடுகிறார் என்று வையுங்கள். 'பின்பற்று, கடைப்பிடி' என்று பொருள் இருக்கிறது. அவர் சந்தோஷமாக, 'தாத்தாவின் எண்பதாவது பிறந்தநாளை அனுசரித்தோம்' என்று எழுதுகிறார். படிக்கிற நமக்குத் திக்கென்கிறது. பிறந்தநாளைக் கொண்டாடுவோம், நினைவுநாளைத்தான் அனுசரிப்போம். 'இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் நாள் வந்தால் பெரும்பாலும் துக்கமும் கூட வரும்' என்று யாராவது நமக்குப் பாடம் எடுத்தார்களா? இல்லை. செய்தித்தாளில் நூறு முறை படித்ததால் தெரியும். அதே சொல் 'கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்' என்று வீட்டுப் பேச்சில் வரும்போது துக்கம் எதுவும் இல்லை. 'நாள்' பக்கத்தில் வந்தால் ஒரு முகம், 'போ' பக்கத்தில் வந்தால் வேறு முகம்.

நான் அகராதி வேலையில் சேர்ந்த புதிதில் எடுத்துக்காட்டு வாக்கியங்களை யோசித்து எழுதுவேன். இதே சொல்லுக்கு 'அவன் ஆசிரியரின் அறிவுரையை அனுசரித்தான்' என்று எழுதிக் கொடுத்தேன். மூத்த தொகுப்பாளர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, 'இதை யார் சொல்லிக் கேட்டாய்?' என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இலக்கணத்தில் பிழை கிடையாது. ஆனால் அப்படி யாரும் பேசுவதாகவோ எழுதுவதாகவோ நான் கண்டதில்லை. காதால் கேட்காத, கண்ணால் படிக்காத வாக்கியத்தை அதன்பிறகு நான் எடுத்துக்காட்டாக வைத்ததில்லை. நீங்கள் கேட்கும் இணைய அகராதிகளின் அடிப்படையும் அந்த ஒரு கேள்விதான்: யார் சொல்லிக் கேட்டாய்?

பொருள் விளக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பிரபலமான சான்று இருக்கிறது. ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளரும் பட்ரிசியா கில்டியாவும் குழந்தைகள் சொற்களைக் கற்கும் விதம் பற்றி 1987-இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதினார்கள். பிள்ளைகளிடம் அகராதியைக் கொடுத்து, தெரியாத சொல்லைப் பார்த்து வாக்கியம் அமைக்கச் சொன்னபோது வந்தவற்றை அதில் காட்டியிருந்தார்கள். 'மெட்டிகுலஸ்' என்றால் மிகவும் கவனமான என்று படித்த பிள்ளை, 'மலை உச்சியிலிருந்து விழுந்துவிடாமல் மெட்டிகுலஸாக இருந்தேன்' என்ற அர்த்தத்தில் எழுதியது. 'இரோட்' என்றால் அரித்துத் தின்பது; அகராதியில் 'ஈட் அவுட்' என்று போட்டிருந்தது. வெளியே போய்ச் சாப்பிடுவதையும் ஆங்கிலத்தில் அப்படித்தானே சொல்வார்கள்? ஆகவே இன்னொரு பிள்ளை 'எங்கள் குடும்பம் அடிக்கடி இரோட் ஆகும்' என்று எழுதிவிட்டது. அந்தக் குழந்தைகள் சோம்பேறிகள் இல்லை. கொடுத்த விளக்கத்தை அப்படியே நம்பி உழைத்தவர்கள். உங்கள் நோட்டும் நீங்களும் அதே நிலையில் இருக்கிறீர்கள். (இதே மில்லர்தான் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வேர்ட்நெட் என்ற சொல் தரவுத்தளத்தைத் தொடங்கியவர். இன்று பல இணைய அகராதிகள் காட்டும் பொருள் விளக்கங்கள் அதிலிருந்து எடுத்தவை.)

வாக்கியத்தை வைத்துச் சொல்லைக் காட்டுவது இணையம் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட ஆங்கில அகராதியில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்கள் இருந்தன. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்கு 1879-இல் ஆசிரியரான ஜேம்ஸ் மரே, ஆங்கிலம் படிக்கிற பொதுமக்களிடமே உதவி கேட்டார். தாங்கள் படிக்கும் புத்தகத்தில் கண்ட வாக்கியத்தைச் சீட்டில் எழுதி அனுப்பினார்கள் தன்னார்வலர்கள். லட்சக்கணக்கான சீட்டுகள் வந்தன. 1928-இல் அந்த அகராதி நிறைவடைந்தபோது அதில் அச்சான மேற்கோள்கள் மட்டும் சுமார் 18 லட்சம். தமிழில் 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இன்று எழுதப்படும் தமிழைத் திரட்டி, எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு சொற்களைக் காட்டியது. நிகண்டு தொடங்கிப் பல நூற்றாண்டு நீளும் நம் அகராதி மரபில் அது ஒரு பெரிய திருப்பம் என்றே நான் கருதுகிறேன்.

மரேயின் சீட்டுகளிலும் ஒரு குறை இருந்தது. வாசகர் கண்ணுக்கு விசேஷமாகப் பட்ட சொல்தான் சீட்டில் ஏறும். அன்றாடச் சொல்லை யார் உட்கார்ந்து எழுதி அனுப்புவார்கள்? கணினி வந்த பிறகுதான் அது தீர்ந்தது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் 1980-இல் ஒரு வேலை தொடங்கியது. புத்தகம், பத்திரிகை, பேச்சு எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, ஒரு சொல் வருகிற எல்லா வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, அந்தச் சொல் நடுவில் நேராக நிற்கும்படி அடுக்கிப் பார்த்தார்கள். 1987-இல் கோபில்ட் அகராதி அதிலிருந்து வெளிவந்தது. வரிகளை அடுக்கிப் பார்த்தபோது, ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களும் வாய்விட்டுச் சொல்லியிராத சில விஷயங்கள் வெளியே வந்தன. 'செட் இன்' என்ற வினை அதில் ஒன்று. 'தொடங்கி நிலைபெறுவது' என்றுதான் பொருள் சொல்வார்கள். சின்க்ளேர் வரிகளைப் பார்த்தபோது அப்படித் தொடங்குவதெல்லாம் பெரும்பாலும் அழுகல், சரிவு, விரக்தி என்று வேண்டாத விஷயங்களாகவே இருந்தன.

இது நமக்குப் புதிது இல்லை. தமிழில் எது தலைவிரித்தாடும்? ஊழல் தலைவிரித்தாடும், பஞ்சம் தலைவிரித்தாடும், வன்முறை தலைவிரித்தாடும். 'மிகுதியாகப் பரவியிருத்தல்' என்ற பொருளை மட்டும் எழுதி வைத்துக்கொண்டவர் 'எங்கள் வீட்டில் மகிழ்ச்சி தலைவிரித்தாடுகிறது' என்று எழுதுவார். அவர் எழுதியதில் பொருள்படி தவறே கிடையாது. ஆனால் அந்தச் சொல்லின் சகவாசம் அப்படிப்பட்டது. ஜே. ஆர். ஃபர்த் என்ற மொழியியலாளர் 1957-இலேயே இதைச் சொல்லிவிட்டார்: ஒரு சொல்லை அறிய வேண்டுமானால் அது யாரோடு சேர்ந்து திரிகிறது என்று பார். மனிதர்களை நாம் எடைபோடுவதும் சேர்க்கையை வைத்துத்தானே.

சரி, இப்போது முப்பது வாக்கியங்களுக்கு வருவோம். நீங்கள் திணறியதற்குக் காரணம், முப்பதையும் பொருள் புரிந்துகொள்வதற்காகப் படித்தது. அதற்காக அவற்றைப் படிக்காதீர்கள். பொருளை முதலில் வேறு இடத்தில் பார்த்துவிடுங்கள். மொழி கற்பவர்களுக்கென்றே எழுதிய அகராதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன: கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மன், காலின்ஸ் எல்லாம். லாங்மன் 1978-இலிருந்தே சுமார் 2,000 எளிய சொற்களுக்குள் விளக்கம் எழுதுவது என்ற கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்கிறது. காலின்ஸ் தளத்தில் கோபில்ட் விளக்கங்களைப் பார்க்கலாம். 'ஒருவரை இப்படிச் சொன்னால் இன்னின்ன அர்த்தம்' என்று முழு வாக்கியமாகவே பேசும். அதைப் படித்தாலே யாரைப் பற்றி, என்ன தொனியில் என்பது பாதி தெரிந்துவிடும். அதன்பிறகு, ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வாக்கியங்களுக்குப் போங்கள்: இந்தச் சொல்லுக்கு இடமும் வலமும் யார் நிற்கிறார்கள்?

நட்டோரியஸை வைத்துச் செய்து பார்ப்போம். பக்கத்தைத் திறந்ததும் வாக்கியங்களை முழுதாகப் படிக்க வேண்டாம். அந்தச் சொல்லை மட்டும் கண்ணால் பிடித்து, அதற்கு அடுத்த சொல்லைத் தாளில் எழுதுங்கள். கிரிமினல், கேங்ஸ்டர், பிரிசன் என்று ஒரு கூட்டம் வரும். எழுதும்போதே உங்களுக்கு விளங்கிவிடும். பிறகு 'நட்டோரியஸ் ஃபார்' என்று வருகிற வாக்கியங்களைத் தனியாகப் பொறுக்குங்கள். 'ஃபார்' என்பதற்குப் பின்னால் தாமதம், ஊழல், முரட்டுத்தனம் போன்றவை நிற்கும். நீங்கள் அந்த இடத்தில்தான் 'தரம்' என்று வைத்தீர்கள். இன்னும் கொஞ்சம் தேடினால் 'நட்டோரியஸ்லி டிஃபிகல்ட்' என்று ஒரு சேர்க்கை கண்ணில் படும். இங்கே குற்றமும் இல்லை, குற்றவாளியும் இல்லை. ஒரு பரீட்சையோ ஒரு கணக்கோ எல்லோரையும் பாடாய்ப்படுத்துகிறது, அது ஊருக்கே தெரியும், அவ்வளவுதான். 'நட்டோரியஸ் என்றால் கெட்ட' என்று அவசரப்பட்டு நோட்டில் திருத்தியிருந்தால் இது தப்பியிருக்கும். பத்து நிமிட வேலை. இந்தப் பத்து நிமிடத்தில் கிடைத்தது உங்களுக்கு ஆயுளுக்கும் மறக்காது, ஏனென்றால் அது நீங்களாகக் கண்டுபிடித்தது.

இப்படிப் பார்க்கும்போது வாக்கியத்தில் வேறு தெரியாத சொற்கள் குறுக்கே வந்தால்? ஒன்று வந்தால் பரவாயில்லை. மூன்று வந்தால் அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள். பிறர் உதவி இல்லாமல் ஒரு பகுதியைப் படித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று பால் நேஷன் போன்ற சொற்கற்றல் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதாவது ஐம்பதுக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். பாதி வாக்கியம் புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பாதி உங்களுக்கானது இல்லை. தாண்டிப் போவதில் குற்ற உணர்ச்சியே வேண்டாம். முப்பதில் ஆறு ஏழு உங்களுக்குப் பேசினால் போதும்.

எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். தளத்துக்குத் தளம் வித்தியாசம் இருக்கிறது. எரின் மெக்கீன் என்ற அகராதியாசிரியர் தொடங்கிய வேர்ட்னிக், 2009 முதல் இருக்கிறது. நூல்கள், செய்திகள், வலைப்பக்கங்கள் என்று பல இடத்திலிருந்து வாக்கியங்களைக் கொட்டும். அதில் நூறு வருடத்துக்கு முந்தைய நாவல் வரியும் வரும். ரசிப்பதற்கு அருமையாக இருக்கும். அப்படியே எடுத்து மின்னஞ்சலில் வைத்தால் பழைய வாடை அடிக்கும். ஆகவே அங்கே ஒவ்வொரு வாக்கியத்தோடும் போட்டிருக்கும் மூலத்தையும் பாருங்கள். வொக்காபுலரி டாட் காம் முதலில் நண்பர் பேசுவதுபோல ஒரு விளக்கம் கொடுத்து, பிறகு செய்தியிலும் இலக்கியத்திலும் வந்த வாக்கியங்களைக் காட்டுகிறது. உங்கள் நிலைக்கு அது பொருத்தமான தொடக்கம். மெரியம்-வெப்ஸ்டர் தளத்தில் அண்மைச் செய்திகளிலிருந்து கணினி நிரல் பொறுக்கிய வாக்கியங்கள் இருக்கும். அவை தானாகத் திரட்டப்பட்டவை, அவற்றிலுள்ள கருத்து தங்களுடையதல்ல என்று அவர்களே எழுதியிருப்பார்கள். யூக்ளிஷ் என்ற தளம் ஒரு சொல் பேசப்படும் காணொளித் துண்டுகளை வரிசையாக ஓட்டிக் காட்டும். பேசுபவர் முகத்தைப் பார்த்தாலே அது கண்டிக்கிற சொல்லா கொஞ்சுகிற சொல்லா என்று தெரிந்துவிடும் என்பதால், நான் இதை என் மாணவர்களுக்கு மறக்காமல் சொல்வேன்.

'தானாகத் திரட்டப்பட்டவை' என்றால் கண்ணை மூடிக்கொண்டு அள்ளியது என்று அர்த்தமில்லை. நல்ல எடுத்துக்காட்டை நிரலே தேர்ந்தெடுக்கும் முறை ஒன்றை ஆடம் கில்கரிஃப் என்பவரும் அவரது குழுவினரும் 2008-இல் விவரித்தார்கள். வாக்கியம் முழுமையாக இருக்கிறதா, ரொம்ப நீளமா, ரொம்பக் குட்டையா, அரிய சொற்கள் நெரிசலாக இருக்கின்றனவா, 'அவன்', 'அது' என்று முந்தைய வரியைச் சுட்டுகிற சொற்கள் அதிகமா என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் போடும் முறை அது. உதவியான முறைதான். ஆனால் எழுதியவர் கிண்டலாக எழுதினாரா நிஜமாக எழுதினாரா என்பது நிரலுக்குச் சட்டென்று பிடிபடாது. ஒரே எழுத்தில் பறவையாகவும் பளுதூக்கியாகவும் இருக்கும் 'கிரேன்' போன்ற சொல்லில் பறவைக்குரிய இடத்தில் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். எழுதியவரே சொல்லைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கவும் கூடும்.

அதனால் ஒரு வாக்கியத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த நாலைந்து வாக்கியங்கள் ஒரே மாதிரிப் பேசினால் நம்பலாம். ஒன்று மட்டும் தனித்து நின்றால் அதை ஓரமாக வையுங்கள். தள்ளிவிட வேண்டாம், வைத்துக்கொண்டு காத்திருங்கள். அடுத்த மாதம் இன்னொரு சான்று கிடைத்தால் அது வேறொரு பயன்பாடு என்று தெரிந்துகொள்வீர்கள். சந்தேகம் பலமாக இருந்தால் மார்க் டேவிஸ் உருவாக்கிய சமகால அமெரிக்க ஆங்கிலத் தரவகத்தை, அதாவது நிஜமான எழுத்தையும் பேச்சையும் திரட்டித் தேடிப் பார்க்க வைத்திருக்கும் களஞ்சியத்தைப் பாருங்கள். 1990 முதல் 2019 வரையிலான நூறு கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் இருக்கின்றன. ஆரம்பத்தில் மிரட்டும். ஒரு மாதம் கழித்துப் போனால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லா வாக்கியமும் சொல்லைத் திறந்து காட்டுவதில்லை. 'அவர் மெட்டிகுலஸ் ஆனவர் என்று எல்லோரும் சொன்னார்கள்' என்ற வாக்கியத்தில் அந்தச் சொல்லுக்குப் பதில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். நல்லவர், கெட்டவர், உயரமானவர், எதுவும் பொருந்தும். இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன் உள்ளிட்ட கல்வியாளர்கள் 1983-லேயே இப்படி வாக்கியச் சூழல்களை வகைபிரித்தார்கள்: வழிகாட்டுகிறவை, ஓரளவு காட்டுகிறவை, ஒன்றும் காட்டாதவை, தவறான வழியில் இழுத்துவிடுகிறவை. எல்லாவற்றிலும் ஆபத்தானது கடைசி வகை. ஆகவே, பொருளைப் பார்க்காமல் வாக்கியத்தை மட்டும் வைத்து ஊகித்து, அந்த ஊகத்தையே நோட்டில் ஏற்றிவிடும் பழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. சூழலில் விடுங்கள், தானாகப் புரியும் என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. வருடக்கணக்கில் படித்துக்கொண்டே இருப்பவருக்கு அது பலிக்கும். நாளை காலை மின்னஞ்சல் அனுப்ப வேண்டியவருக்கு விளக்கமும் வேண்டும், வாக்கியமும் வேண்டும்.

இனி உங்கள் நோட்டு. தமிழ்ப் பொருளை அழிக்காதீர்கள். அதன் வலப்பக்கத்தில் ஒரு கோடு கிழித்து, சொல்லோடு சேர்ந்து வருகிற இரண்டு மூன்று கூட்டாளிகளை எழுதுங்கள். 'ரெயின்' என்று தனியாக எழுதியிருந்தால் அதை 'ஹெவி ரெயின்' ஆக்குங்கள். 'விண்ட்' இருந்தால் 'ஸ்ட்ராங் விண்ட்'. தமிழில் 'பலத்த மழை', 'பலத்த காற்று' என்று ஒரே சொல் இரண்டுக்கும் போதுகிறது. ஆங்கிலத்தில் மழைக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று. மழையை 'ஸ்ட்ராங்' என்று எழுதுகிறவருக்கு மழை என்ற சொல்லும் தெரியும், பலம் என்ற சொல்லும் தெரியும். இரண்டும் ஒன்றாகப் போகுமா என்பதுதான் தெரியாது. உங்களுக்கு எங்கோ இடிக்கிறது என்றீர்களே, பெரும்பாலும் இங்கேதான் இடித்திருக்கும். கூட்டாளிகளுக்குப் பக்கத்தில், அந்தச் சொல் பாராட்டா, குறையா, இரண்டுக்கும் பொதுவா என்று ஒரு குறி போடுங்கள். அலுவலகக் கடிதத்தில் வருமா, நண்பர்களோடு பேசும்போது மட்டும் வருமா என்பதையும் வாக்கியத்தின் மூலத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

1,400 சொற்களுக்கும் இதைச் செய்ய உட்காராதீர்கள், மலைத்துப்போவீர்கள். கடந்த மூன்று மாதம் நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களைத் திறந்து, அவற்றில் நீங்களே பயன்படுத்திய சொற்களில் சந்தேகமானவற்றை மட்டும் எடுங்கள். அநேகமாக நாற்பது ஐம்பது தேறும். நாளைக்கு இரண்டு பார்த்தால் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். மற்றவை நோட்டிலேயே இருக்கட்டும். எப்போது எழுதத் தேவைப்படுகிறதோ அப்போது அதன் முறை வரும். பார்த்த சொல்லை அன்றைக்கே ஒரு நிஜக் கடிதத்தில் வைத்து எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் அதுவும் மறுபடி தெரிந்த முகமாக மட்டும் நின்றுவிடும்.

மகளுக்குப் பழக்கலாமா என்றால், பழக்கலாம், ஆனால் இதே தளங்களில் வேண்டாம். செய்தியிலிருந்து நிரல் பொறுக்குகிற வாக்கியங்களில் குழந்தைகள் படிக்கத் தகாததும் வரும். அவளுக்கு மொழி கற்பவர்களுக்கான அகராதியில் உள்ள எடுத்துக்காட்டுகளே போதும். அவள் படிக்கிற கதையில் ஒரு புதுச் சொல் வந்தால், 'என்னவாக இருக்கும்?' என்று முதலில் கேளுங்கள். அவள் ஊகித்த பிறகு இருவரும் சேர்ந்து அகராதியைப் பாருங்கள். ஊகம் சரியாக இருந்தால் அந்தச் சந்தோஷமே சொல்லை மனத்தில் ஒட்டிவிடும்; தவறாக இருந்தால், கதையின் எந்த வார்த்தை நம்மைத் திசைதிருப்பியது என்று தேடுவதும் நல்ல விளையாட்டு. அப்புறம் 'நீ ஒரு வாக்கியம் சொல்' என்று கேளுங்கள். அவள் 'இரோட்' மாதிரி ஏதாவது சொன்னால் சிரித்துவிடாதீர்கள். அவள் எந்த விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு அங்கே போனாள் என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, அந்த வாடிக்கையாளர் விஷயம். அன்று நீங்கள் தேடிய சொல் எது என்று யோசித்துப் பார்த்தேன். 'ரினௌண்ட்' என்று ஒன்று இருக்கிறது. அது நல்ல பக்கம் மட்டுமே போகும், கலைஞர்கள், அறிஞர்கள், பல்கலைக்கழகங்களோடு பழகுகிற சொல். ஒரு வியாபாரக் கடிதத்துக்குச் சற்றுக் கனமாகத் தோன்றலாம். 'வெல் நோன் ஃபார்' எளிமையானது, எங்கும் பொருந்தும். 'ரெப்யூட்டேஷன் ஃபார்' என்றும் ஒன்று உண்டு. அதை நீங்களே தேடி, 'ஃபார்' என்பதற்குப் பின்னால் வருகிறவற்றை எழுதிப் பாருங்கள். தரமும் வரும், நேர்மையும் வரும், கூடவே முரட்டுத்தனமும் வரும். நம் 'பேர்போன' போலவே இரண்டு பக்கமும் போகிற சொல் அதுதான். 'யூ ஹேவ் எ ரெப்யூட்டேஷன் ஃபார் குவாலிட்டி' என்று அதே வாடிக்கையாளருக்கு அடுத்த கடிதத்தில் தைரியமாக எழுதுங்கள்.